கிறிஸ்துமஸுக்கு உயிருள்ள செடி, பூ வைத்து வீட்டை அலங்கரிக்க ஆசை. சென்னை வெயிலுக்கு எது சரிப்படும்?

மாடிவீட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருடம் பரணில் இருக்கிற பிளாஸ்டிக் மரத்தை இறக்கப் போவதில்லை என்று வீட்டில் ஒருவழியாக முடிவாகிவிட்டது. பாதிக் கிளை வழுக்கை, விரிக்கும்போது கொட்டுகிற பச்சைத் தூள் ஈஸ்டர் வரைக்கும் சோபாவுக்கு அடியில் கிடக்கிறது. அதற்குப் பதிலாகச் செடி, பூ, இலை மட்டும் வைத்து அலங்கரிக்கலாம் என்று ஆசை.

வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம், முதல் மாடி, வாடகை வீடு, சுவரில் ஆணி அடித்தால் ஓனர் அட்வான்ஸில் கழித்துவிடுவார். கிழக்குப் பார்த்த பால்கனி, காலை பத்து மணி வரை வெயில், அப்புறம் வெளிச்சம் மட்டும். ஹால் கொஞ்சம் இருட்டு. இரண்டு வயதுப் பையன் இருக்கிறான், கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குப் போகும். போதாக்குறைக்கு ஒரு பூனை. நான் நாகர்கோவில், சிஎஸ்ஐ, அதாவது புராட்டஸ்டண்ட் சபை. எங்களுக்குச் சின்ன வயதில் சவுக்குக் கொப்பும் ஸ்டாரும்தான் கிறிஸ்துமஸ். மாமியார் ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்கர், அவர்களுக்கு இயேசு பிறந்த தொழுவம் மாதிரிக் குடில் கட்டாயம் வேண்டும். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் 22ஆம் தேதி வந்து இறங்குகிறார்கள், 23ஆம் தேதி ராத்திரி வீடு வீடாகப் பாடி வருகிற கேரல் ரவுண்ட்ஸ் வருகிறது.

நர்சரியில் போய்ப் பார்த்தேன். சிவப்பு இலைச் செடி ஒன்று, அடுக்கடுக்காகக் கிளை விடுகிற கிறிஸ்துமஸ் ட்ரீ ஒன்று, ஊட்டியிலிருந்து வந்தது என்று எலுமிச்சை வாசனையோடு கூம்பு மாதிரி ஒன்று காட்டினார். மூன்றும் வீட்டுக்குள்ளேயே வளரும், தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்றார். அவர் சொன்ன வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூவாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நாஞ்சிலான் எழுதியது:

நாகர்கோவில்காரி சவுக்கை விட்டுவிட்டு ஊட்டிச் செடி கேட்கலாமா சகோதரி! ஐந்தடிக் கொப்பு ஒன்று போதும். ஒரு பெயின்ட் வாளியில் ஆற்று மணலோ எம் சாண்டோ போட்டு நன்றாக நனைத்துக் கொப்பைக் குத்தி நிறுத்துங்கள், அடியில் இரண்டு செங்கல் துண்டு சொருகினால் பூனை ஏறினாலும் சாயாது. தினம் மணலை நனைத்து, கொப்பின் மேலும் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரம் பச்சையாக நிற்கும். அதற்கு மேல் காய்ந்து உதிரும், அதனால் 21ஆம் தேதிக்கு முன்னால் வெட்டி வராதீர்கள்.

சவுக்கைப் பைன் மரத்துக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. அது பூக்கிற மரம். ஊசி இலை மாதிரித் தொங்குவது எல்லாம் மெல்லிய பச்சைக் குச்சிகள், இலை என்பது அதன் கணுக்களில் பல் பல்லாக ஒட்டியிருக்கிற செதில்தான். அதனால் கனமான கண்ணாடி உருண்டை எதையும் அது தாங்காது, தலை தொங்கிவிடும். காகித ஸ்டார், ரிப்பன், சின்ன மணி, இவ்வளவுதான் கட்ட வேண்டும். பனி என்று சொல்லிப் பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். காய்ந்த சவுக்கும் பஞ்சும் எப்படிப் பற்றும் என்று ஊரில் விறகடுப்பு எரித்தவர்களைக் கேளுங்கள்.

சென்னையில் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சவுக்குக் கட்டைக் கடையில் மொட்டைக் கம்புதான் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை, திருப்போரூர் பக்கம் தனியார் சவுக்குத் தோப்புகள் இருக்கின்றன, அறுவடை நடக்கிற இடத்தில் கட்டை லாரியில் ஏறிவிடும், நுனிக்கொப்பு அங்கேயே கிடக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கடலோரத்தில் வனத்துறை நட்டு வைத்திருக்கிற தோப்பில் கை வைக்காதீர்கள், அது அலைக்கும் காற்றுக்கும் தடுப்பாக நிற்பது, வெட்டினால் வழக்கு.

இன்னொன்று, உங்கள் அப்பா அம்மா ரயிலில்தானே வருகிறார்கள்? புறப்படுகிற அன்றைக்குத் தோவாளைச் சந்தையில் பூ வாங்கி ஈரத்துணியில் சுற்றிப் பனையோலைக் கூடையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ராத்திரி ரயில் என்றால் வாடாது. முடிந்தால் ஒரு மாணிக்கமாலையும். பூவை மடித்து மடித்துப் பாய் மாதிரி முடைகிற அந்த மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. வாசலில் மேலே குறுக்காகக் கட்டினால் கேரல் கோஷ்டி பாட்டை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

மொட்டைமாடித் தோட்டம் எழுதியது:

நர்சரிக்காரர் சொன்னதில் பாதிதான் சரி.

அந்த எலுமிச்சை வாசனைச் செடியின் பெயர் கோல்டுகிரெஸ்ட் சைப்ரஸ். குளிர் ஊர்ச் செடி. ஊட்டி, கோத்தகிரியில் ஜம்மென்று நிற்கும், இங்கே டிசம்பரும் ஜனவரியும் சமாளிக்கும், மார்ச் வெயில் பட்டால் உள்பக்கத்திலிருந்து பழுப்பாகும், பழுத்த கிளை மறுபடி துளிர்க்காது. ஒரு மாத அலங்காரம் என்று தெரிந்தே வாங்குவதானால் வாங்குங்கள். நானாக இருந்தால் அந்தக் காசுக்குத் துஜா வாங்குவேன். விசிறி விசிறியாக இலை இருக்கும், அவ்வளவு அழகில்லைதான், ஆனால் சென்னைக்குப் பழகின செடி, வெயிலில் வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும்.

அடுக்குக் கிளைச் செடி அரோகேரியா. நர்சரிகளில் நார்ஃபோக் தீவுப் பைன், குக் பைன் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், சின்னதாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. இரண்டும் பசிபிக் தீவு மரம், நார்ஃபோக் தீவும் நியூ கலிடோனியாவும்தான் சொந்த ஊர், அதனால் நம் கடலோரப் புழுக்கம் அவற்றுக்கு ஒத்துவரும். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். இரண்டரை மூன்றடிச் செடியாக வாங்குங்கள், கடைசி அடுக்குக் கிளை பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள், கீழ்க்கிளை ஒருமுறை காய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் மறுபடி வராது. 20ஆம் தேதி வரை பால்கனியிலேயே இருக்கட்டும், அப்புறம் ஹாலுக்கு வரட்டும், ஜனவரி முதல் வாரம் திரும்பப் பால்கனி. இரண்டு வாரம் இருட்டு ஹாலில் இருந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு மாதம் இருந்தால் கிளை எல்லாம் தொங்கிப்போகும். எல்இடி சீரியல் லைட் சுற்றலாம், அது சுடாது. உச்சியில் ஸ்டார் வைக்கிறேன் என்று நுனியை மட்டும் ஒடித்துவிடாதீர்கள், மரத்தின் வடிவமே அந்த ஒரு குருத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டு அதில் ஸ்டாரைக் கட்டுங்கள். (கொசுறு: குக் பைன் உலகத்தில் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் சாயும் என்று 2017இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் தெற்கே சாய வேண்டும், பெரிய மரத்தைப் பார்த்தால் கவனியுங்கள்.)

சிவப்பு இலைச் செடி பாயின்செட்டியா. மெக்சிகோவிலிருந்து வந்தது, 1820களில் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த பாயின்செட் தன் நாட்டுக்கு அனுப்பி வைத்ததால் அந்தப் பெயர். சிவப்பாக இருப்பது இலைதான், நடுவில் மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக இருப்பவைதான் பூ. வாங்கும்போது அந்த மஞ்சள் மொட்டு இன்னும் மூடியிருக்கிற செடியாகப் பார்த்து எடுங்கள், விரிந்து மகரந்தம் கொட்டுகிற செடி சீக்கிரம் சிவப்பை உதிர்த்துவிடும். தொட்டியைச் சுற்றிப் பளபளவென்று தாள் சுற்றித் தருவார்களே, வீட்டுக்கு வந்ததும் அதன் அடியில் ஓட்டை போடுங்கள். இந்தச் செடி சாவது பெரும்பாலும் அந்தத் தாளில் தேங்குகிற தண்ணீரால்தான். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர், ஏசி காற்று படாத இடம், அவ்வளவுதான்.

அடுத்த வருடமும் அதே செடி சிவக்க வேண்டுமென்றால் அக்டோபர் தொடக்கத்திலிருந்து எட்டு வாரம், தினமும் சுமார் 14 மணி நேரம் கும்மிருட்டு வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி காலை ஏழு மணிக்குத் திறக்க வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற பால்கனியில் மூடாமல் விட்டால் பச்சையாகவே நிற்கும். கொடைக்கானல், ஏற்காட்டில் வேலியோரம் அது பாட்டுக்குச் சிவந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே அட்டைப்பெட்டி பிடிப்பது கொஞ்சம் கடுப்பான வேலைதான்.

பீடப்பூ எழுதியது:

எங்கள் பங்குக் கோவிலில் பீட அலங்காரம் செய்கிற குழுவில் இருக்கிறேன். செடியை மேலே சொல்லிவிட்டார்கள், நான் பூ மட்டும் சொல்கிறேன்.

டிசம்பரில் மல்லிகையை மறந்துவிடுங்கள். பனியில் மொட்டு பிடிக்காது, வரத்து குறையும், விலை கையைச் சுடும். இந்த மாதத்துக்குச் செவ்வந்தி, ரோஜா, சம்பங்கி, கோழிக்கொண்டை, வாடாமல்லி போதும். சிவப்பு வேண்டுமென்றால் கோழிக்கொண்டையை மிஞ்சி எதுவும் இல்லை, வாடினாலும் நிறம் போகாது, இதைச் சொன்னால் பூக்கடைக்காரரே ஜெர்பெரா எடுங்கள் என்பார். ஜெர்பெரா எடுத்தால் ஜாடியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வைக்காதீர்கள், தண்டு அழுகிக் கழுத்து மடங்கும். சம்பங்கி கீழிருந்து மேலே விரியும், கீழே வாடினதைக் கிள்ளிக்கொண்டே வந்தால் ஐந்தாறு நாள் ஓடும். எந்தப் பூவானாலும் தண்டைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் மூழ்குகிற இலையை உருவிவிட்டு, தினம் தண்ணீர் மாற்றுங்கள். ஜாடியை வாழைப்பழம், ஆப்பிள் வைத்த தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பழம் பழுக்கும்போது வெளிவிடுகிற எத்திலீன் வாயுவில் கார்னேஷன் ஒரே நாளில் சுருண்டுவிடும். கிறிஸ்துமஸுக்குப் பழக்கூடையும் பூஜாடியும் ஒரே மேசையில் வைப்பதுதான் எல்லார் வீட்டிலும் வழக்கம், என்ன செய்வது.

பூ சொருகப் பச்சை நிற ஸ்பாஞ்சுக் கட்டி விற்கிறார்கள், வாங்காதீர்கள். அது பிளாஸ்டிக், மக்காது, ஒருமுறை குத்தின ஓட்டையில் மறுபடி நிற்காது. குலை வெட்டின வாழைமரத்துத் தண்டை ஒரு முழம் துண்டாக நறுக்கி, அடிப்பக்கம் உருளாமல் சீவி, ஒரு தட்டில் வையுங்கள். மேலே ஈர்க்குச்சியால் துளைபோட்டுப் பூவைச் சொருகினால் தண்டில் இருக்கிற ஈரமே இரண்டு மூன்று நாள் காப்பாற்றும். சின்னக் கோவில்களில் பீடத்துக்கு முன்னால் நீளமாக அலங்காரம் இருந்தால் பூவை விலக்கிப் பாருங்கள், பாதி இடத்தில் உள்ளே வாழைத்தண்டுதான் இருக்கும். தண்டு மட்டும் மேசைத் துணியில் படக்கூடாது, வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது.

படத்தில் பார்க்கிற மாதிரி கதவில் வட்டமாகப் பூ வளையம் தொங்கவிடப் போகிறீர்களா? வெள்ளைச் செவ்வந்தியும் சம்பங்கியும் வைத்துச் செய்யாதீர்கள், கீழ்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்பார். எங்கள் தெருவில் நடந்திருக்கிறது. முழுக்கப் பச்சை இலை, சிவப்பு ரிப்பன், நடுவில் ஒரு மணி என்றால் யாருக்கும் குழப்பம் வராது. சவுக்குக் கொப்பின் மிச்சத்தையே ஒரு பழைய கம்பி வளையத்தில் சுற்றலாம், ஆணி வேண்டாம், கதவின் மேல் விளிம்பில் ரிப்பனைப் போட்டு உள்பக்கக் கொண்டியில் கட்டிவிடுங்கள்.

உங்கள் மாமியாருக்கென்று ஒன்று. சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டில் பச்சை இலையை வட்டமாக வைத்து நான்கு மெழுகுவர்த்தி, மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறு வருகிற திருவருகைக் கால வளையம், ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றுவோம், ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிற்றுக்கு. வேடிக்கை என்னவென்றால் இதைத் தொடங்கியவர் கத்தோலிக்கர் இல்லை, ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற லுத்தரன் (புராட்டஸ்டண்ட்) போதகர், 1839இல். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் நாள் கணக்கு காட்டச் செய்தது என்பார்கள். அதனால் உங்கள் வீட்டில் இரண்டு பக்கத்துக்கும் இது சரிப்படும்.

பழையமரம் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் வருடா வருடம் ஒரு அரோகேரியா வாங்கி ஜனவரியில் மொட்டைமாடியில் கொண்டுபோய்ச் சாகவிடுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பிளாஸ்டிக் மரத்தை இன்னும் பத்து வருடம் ஓட்டலாம். வழுக்கை விழுந்த இடத்தில் நாலு கோழிக்கொண்டையைச் சொருகினால் தெரியவா போகிறது?

மொட்டைமாடித் தோட்டம் எழுதியது:

பழையமரம் சொல்வதில் ஒரு பாதி எனக்கும் சம்மதம். புதிதாகப் பிளாஸ்டிக் வாங்காதீர்கள் என்பேனே தவிர இருப்பதைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் தூள் கொட்டுகிற மரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறான் என்கிறார், அதை மறந்துவிட்டீர்கள்.

மாடிவீட்டுக்காரி எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. கோல்டுகிரெஸ்ட் வேண்டாம், அரோகேரியா ஒன்று, ஒரு பாயின்செட்டியா, ஹாலில் சவுக்கு. நாஞ்சிலான் அண்ணா, அப்பாவிடம் தோவாளை விஷயத்தைச் சொன்னேன், எனக்கு முன்னால் அவர் குஷியாகிவிட்டார். பூனையும் பையனும் கடிக்கக்கூடாத பூ, செடி எது என்று யாராவது சொல்லுங்கள். அப்புறம் குடில். மாமியார் ஏதோ தட்டில் விதைத்து வளர்த்து வைக்க வேண்டும் என்கிறார், எனக்கு அது பழக்கமில்லை. கடையில் கொடைக்கானல் பாசி என்று பை பையாக விற்கிறார்களே, அதைப் போட்டால் போதாதா?

மூன்றுபூனைவீடு எழுதியது:

லில்லி வேண்டவே வேண்டாம். பொக்கே கடையில் பெரிதாக வாசனையோடு விற்கிற ஆசியாட்டிக், ஓரியண்டல் லில்லி எதுவானாலும் பூனைக்குக் கொடிய விஷம். இலை, பூ மட்டுமில்லை, மேலே ஒட்டின மகரந்தத்தை நக்கினாலோ ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோகூடச் சிறுநீரகம் போய்விடும். வருகிற விருந்தாளி பொக்கே கொண்டுவந்தாலும் முதலில் அதில் லில்லி இருக்கிறதா என்று பாருங்கள். பாயின்செட்டியாவைப் பற்றி ஊரில் பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, பால் பட்டால் தோல் அரிக்கும், தின்றால் வாந்தி வரும், அவ்வளவுதான். ஆனாலும் உயரமான ஸ்டூலில் வையுங்கள்.

நாஞ்சிலான் சொன்ன மாணிக்கமாலை அழகுதான், ஆனால் அது அரளிப் பூவில் கட்டுவது. அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்குகிற விஷம். பையனுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், உதிர்கிற பூவை உடனே கூட்டுங்கள். அலங்காரத்துக்குச் சிவப்பு மணி வேண்டுமென்று குன்றிமணி வாங்குகிறவர்களும் உண்டு, அதைக் கடித்து மென்றால் ஒன்றிரண்டே ஆபத்து. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது இருக்கவே கூடாது.

நாஞ்சிலான் எழுதியது:

அரளி விஷயம் நியாயம். வாசல் நிலைக்கு மேலேயே கட்டுங்கள், உள்ளே வேண்டாம்.

குடில்பாட்டி எழுதியது:

அம்மாடி, உன் மாமியார் சொல்வது ராகி முளைப்பயிர். அந்தப் பாசி வேண்டாம், அது சோலைக்காட்டு மரத்திலிருந்தும் பாறையிலிருந்தும் சுரண்டிக்கொண்டு வருவது, ஒரு கை அளவு வளர வருடக்கணக்கில் ஆகும், இரண்டே வாரத்தில் உன் வீட்டுக் குப்பைக்கு வந்துவிடும்.

டிசம்பர் 13 ராத்திரி ஒரு கைப்பிடி ராகியை ஊறவை. மறுநாள் பழைய பிளாஸ்டிக் டப்பா மூடி, ஸ்வீட் பெட்டி, எதுவானாலும் சரி, அதில் ஒரு விரல் கனத்துக்குத் தேங்காய்நார்க் கழிவைப் பரப்பி நனைத்து, ராகியை நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடிவிடு. இரண்டாம் மூன்றாம் நாள் முளை எட்டிப்பார்க்கும், உடனே துணியை எடுத்துப் பால்கனி வெளிச்சத்துக்குக் கொண்டுபோ. அம்மன் கோவில் முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பார்கள், அது மஞ்சளாக வரும். குடிலுக்குப் புல் பச்சையாக வேண்டும், அதனால் வெளிச்சம் முக்கியம். தண்ணீரைத் தெளி, ஊற்றாதே, ஊற்றினால் பூஞ்சை பிடித்து நாறும். 24ஆம் தேதிக்கு இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்து பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு தட்டில் மட்டும் கோதுமை போடு, அது உயரமாக வரும், பின்பக்கம் வைக்கலாம். நாள் தவறிவிட்டால் கடுகு போடு, ஒரு வாரத்தில் வந்துவிடும். பிரான்சில் புரோவான்ஸ் பக்கம் இதேபோல டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று கோதுமை விதைத்துக் கிறிஸ்துமஸுக்கு வைப்பார்களாம், அங்கே குளிருக்கு மூன்று வாரம், நமக்குப் பத்து நாள் போதும்.

மேலே கூரைக்கு வைக்கோல். தெர்மாகோல் மலை, மினுமினுப்புத் தூள் எல்லாம் வேண்டாம். அசிசியார், அதாவது புனித பிரான்சிஸ், 1223இல் இத்தாலியில் கிரேச்சோ ஊரில் குடில் அமைத்தபோது வைக்கோல் போட்ட தீவனத்தொட்டியும் மாடும் கழுதையும்தான் இருந்தன. குழந்தை இயேசுவை மட்டும் 24ஆம் தேதி நடுராத்திரிப் பூசைக்குப் பிறகுதான் வைக்க வேண்டும், அதுவரை தொட்டி காலியாக இருக்கட்டும், இதில் உன் மாமியாரிடம் விட்டுக்கொடுக்காதே, அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஜனவரி தொடக்கத்தில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாள் வரை குடிலை வைப்போம். அதற்குள் ராகி சாய்ந்துவிடும், அதனால் 22ஆம் தேதி இன்னொரு தட்டு விதைத்துவிட்டால் புத்தாண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். பூனை அந்தப் புல்லைக் கடிக்கும், கடிக்கட்டும், ஒன்றும் செய்யாது.

மாடிவீட்டுக்காரி எழுதியது:

பாட்டி, மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன், யார் இவங்க, எந்த ஊர் என்று கேட்கிறார்! தேங்காய்நார்க் கழிவு எவ்வளவு வாங்க வேண்டும்? ஆன்லைனில் ஐந்து கிலோ கட்டிதான் முதலில் காட்டுகிறது.

மொட்டைமாடித் தோட்டம் எழுதியது:

ஐந்து கிலோவை ஊறவைத்தால் பால்கனியே நிறைந்துவிடும். 650 கிராம் கட்டி வாங்குங்கள், அதுவே ஊறி ஒரு வாளி வரும், நாலு தட்டுக்குப் போக மிச்சத்தை அரோகேரியா தொட்டியில் மேல்மண்ணோடு கலந்துவிடலாம்.